மூன்றாவது ஐவிஎஃப்பும் கைகூடவில்லை. உடம்பையும் மனசையும் எப்படித் தேற்றினீர்கள்?

ஆவாரம்பூ (கோவை)

தோழிகளே, நாலு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), அப்புறம் மூன்று தடவை ஐவிஎஃப், அதாவது வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைத்தார்கள். முதல் தடவை ஒட்டவே இல்லை. இரண்டாவது தடவை பீட்டா (ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் அளவு) 84 வந்து, ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. மூன்றாவது, போன மாதம். பதினான்காம் நாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, மதியம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பீட்டா 1.2, கர்ப்பமில்லை. அந்தத் தோசையைத் திருப்பிப் போட்டதும், எடுத்துத் தட்டில் வைத்ததும், அடுப்பை அணைத்ததும் நினைவிருக்கிறது. அதன்பிறகு சாயங்காலம் வரை என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "எல்லா மாத்திரையும் நிறுத்திடுங்கம்மா, பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வாங்க, அடுத்த சைக்கிள் பத்திப் பேசலாம்." அவ்வளவுதான். மறுநாள் ஆபீஸ் போனேன். நாலாம் நாள் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. கட்டி கட்டியாக, இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. ஏழு கிலோ ஏறியிருக்கிறேன். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊசி போட்ட இடம் புளியங்கொட்டை மாதிரி கட்டி கட்டியாக இருக்கிறது, இடது பக்கம் சாய்ந்து உட்கார முடியவில்லை. முடி கொத்தாக வருகிறது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற தட்டில் போன வருடம் மீந்த ஊசி மருந்து மூன்று இன்னும் இருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, ஆனால் எடுத்துப் போடக் கை வரவில்லை.

வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அத்தை எதுவுமே பேசுவதில்லை, அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்காரர் இரவு பத்து மணி வரை கடையிலேயே இருந்துவிடுகிறார். அடுத்த மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. இதற்கு நடுவில் உறைய வைத்திருக்கிற மீதி ஒரு கருவுக்கு வருடக் கட்டணம் கட்டச் சொல்லி மருத்துவமனையிலிருந்து மெசேஜ்.

அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. இந்த உடம்பு எப்போது பழையபடி ஆகும்? நீங்கள் எல்லோரும் எப்படி எழுந்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

கல்யாணி (சேலம்)

ஆவாரம்பூ, வாசித்ததும் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எனக்கு இரண்டு தடவை தோற்றது, கடைசி தடவை ஆகி ஒன்றரை வருடம். மூன்று மணி விழிப்பு எனக்கும் இருந்தது, ஏறத்தாழ இரண்டு மாதம். தானாகத்தான் போனது, ஆனால் போனது. முடி உதிர்வதும் நாலாவது மாதத்திலிருந்து நின்றது. தினமும் தலை வாரியதும் உதிர்ந்ததை எண்ணிப் பார்ப்பேன். அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.

இரவுப்பணி (மதுரை)

வணக்கம்மா. நான் நர்ஸ். பதினொரு வருடம் குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் இருந்தேன், இப்போது வேறு வார்டு. அந்த போன் காலை நானும் எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்கு ரிசல்ட் சொல்ல வேண்டியிருக்கும், இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அப்போது சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே சொல்கிறேன்.

முதலில் மாத்திரை. "எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்றால் எஸ்ட்ராடியால், புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போட்ட ஊசி, இவைதான். தைராய்டு மாத்திரையை அதோடு சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சைக்காகப் பல பேருக்கு அந்த அளவைக் கூட்டியிருப்பார்கள். ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே மாற்ற வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். போன் செய்து மாத்திரை பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

ரத்தப்போக்கு. இத்தனை வாரம் ஹார்மோன் கொடுத்துக் கருப்பையின் உட்சுவரைத் தடிமனாக வளர்த்திருக்கிறார்கள். அது மொத்தமாகக் கழிவதால்தான் கட்டி கட்டியாக வந்தது. மணிக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தாலோ உடனே போக வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, அந்தக் கட்டம் தாண்டியாயிற்று. அடுத்த மாதவிலக்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆகலாம். ஐம்பது நாளாகியும் வரவில்லை என்றால் காட்டுங்கள்.

ஊசிக்கட்டி. அது எண்ணெயில் கரைத்த மருந்து, சதைக்குள் மெதுவாகத்தான் கரையும். வெந்நீர்ப்பை ஒத்தடம், தாங்குகிற சூட்டில், காலையும் இரவும் பத்துப் பத்து நிமிடம். ஒத்தடம் கொடுத்ததும் கொஞ்சம் நடங்கள். சில வாரத்தில் கரைந்துவிடும். மேல்தோல் சிவந்து சூடாகி வலி கூடினால் அது வேறு, சீழ் கோத்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி பயப்பட வேண்டாம்.

ஏழு கிலோ. அதில் ஒரு பங்கு நீர், ஒரு பங்கு படுத்தே இருந்தது. கரு வைத்த பிறகு பதினைந்து நாள் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் அசையவே விடுவதில்லை. அப்படிப் படுத்திருப்பதால் கரு கூடுதலாக ஒட்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால் "அன்று மாடிப்படி ஏறினேனே, அதனால்தானா" என்ற கேள்வியை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். நான் பார்த்த ஒவ்வொரு பெண்ணும் கேட்ட கேள்வி அது. படி ஏறியதாலும் ஆகவில்லை, பப்பாளித் துண்டு சாப்பிட்டதாலும் ஆகவில்லை. பெரும்பாலும் கருவுக்குள்ளேயே குரோமோசோமில் இருக்கிற குறைதான் காரணம். அதை யாரும் நடந்தோ படுத்தோ மாற்ற முடியாது.

ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவும் பாருங்கள். கர்ப்பத்துக்காக மட்டுமே இத்தனை வருடம் உடம்பைப் பரிசோதித்தோம். இனி உங்களுக்காக ஒரு தடவை.

அப்புறம் அந்த மூன்று ஊசி. குப்பையில் போடாதீர்கள். ஊசி முனையைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மருந்தோடு சேர்த்து ஏதாவது மருத்துவமனையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அது அவசரமில்லை. எடுக்கத் தோன்றுகிற நாளில் எடுங்கள்.

ஆவாரம்பூ

அக்கா, மாடிப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் நாள் மொட்டைமாடிக்கு ஏறி வற்றல் எடுத்து வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். இவ்வளவு ஹார்மோன் போட்டதால் பிற்பாடு புற்றுநோய் வருமா? சீக்கிரமே மாதவிலக்கு நின்றுவிடுமா? பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரவுப்பணி

நெதர்லாந்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 21 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐவிஎஃப் செய்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளை நீங்களும் செய்யுங்கள், அது போதும்.

மாதவிலக்கு விஷயம் இப்படி. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைகள் வளரத் தொடங்கும், ஒன்று மட்டும் முதிரும், மற்றவை தானாகவே அழிந்துபோகும். ஊசி போட்டு அந்த அழிந்துபோகிறவற்றைத்தான் வளர்த்து எடுக்கிறார்கள். வருங்காலக் கையிருப்பிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

துளசிமாடம் (சென்னை)

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நாலாவது தடவையில்தான் மகள் பிறந்தாள், அப்போது எனக்கு 39. மூன்றாவது தோற்றபோது ஓய்வு எடுத்திருந்தால் அவள் இல்லை. வயது நமக்காக நிற்காது. துக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த மாதமே போங்கள். காலம் போனால் கண்ணீரும் உதவாது.

நெய்தல் (தூத்துக்குடி)

துளசிமாடம், உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் "அடுத்து என்ன என்று கேட்காதீர்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. எனக்கு ஐந்து முறை தோற்றது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வந்து "எனக்கு அடுத்த தடவை கரு நின்றது" என்று சொல்லித்தான் நாலாவதும் ஐந்தாவதும் போனேன். நின்றவர்கள்தான் கதை சொல்ல வருகிறார்கள். நிற்காதவர்கள் குழுவை விட்டே போய்விடுகிறார்கள். பிரிட்டனில் அரசு கண்காணிப்பு அமைப்பே கணக்கு வெளியிடுகிறது. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கே ஒரு கரு வைத்தால் குழந்தை பிறப்பது மூன்றில் ஒன்று என்ற அளவுதான். 43 தாண்டினால் இருபதில் ஒன்று. இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் ஒவ்வொரு முறையும் என்னையே குற்றவாளியாக நினைத்திருக்க மாட்டேன்.

இரவுப்பணி

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆவாரம்பூ விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு ஒரு கரு உறைநிலையில் இருக்கிறது. முட்டை எடுத்தபோது என்ன வயதோ, அந்தக் கருவுக்கும் அதே வயதுதான், ஆறு மாதம் காத்திருந்தால் அது மூப்படையாது. நம் நாட்டில் 2021-இல் வந்த சட்டப்படி கருவைப் பத்து ஆண்டு வரை உறைய வைத்திருக்கலாம், பெண்ணுக்கு 50 வயது வரை சிகிச்சை செய்யலாம். அதனால் "இந்த மாதமே" என்கிற நெருக்கடி அவருக்கு இல்லை. 40 வயதில் புதிதாக முட்டை எடுக்க வேண்டியவருக்குத்தான் துளசிமாடம் சொல்வது பொருந்தும், அவர்களுக்கு மாதங்கள் முக்கியம்தான்.

வருடக் கட்டணத்தைக் கட்டி வைத்துவிடுங்கள். கட்டிவிட்டதாலேயே அடுத்த சைக்கிளுக்குச் சம்மதித்ததாக ஆகிவிடாது. முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

துளசிமாடம்

உறைந்த கரு இருப்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் ஆவாரம்பூ. நெய்தல் அக்கா, நீங்கள் சொன்னதும் மனதில் தைத்தது. நான் மூன்றாவது தோற்ற துக்கத்தை அழவே இல்லை. மகள் பிறந்து ஆறு மாதம் கழித்து, ஒரு காரணமும் இல்லாமல் அது மொத்தமாக வந்தது. மனநல மருத்துவரிடம் போகிற அளவுக்கு.

நூல்காரன் (திருப்பூர்)

இங்கே ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. ஆவாரம்பூ அவர்களின் கணவர் பத்து மணி வரை கடையில் இருக்கிறார் என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கம்பெனியில் வேலை ஆறு மணிக்கே முடிந்துவிடும். வண்டியைப் பாலத்துக்கு அடியில் நிறுத்திவிட்டு ஒன்பது வரை உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், என்ன சொல்வதென்று தெரியாது. நான் அழுதால் அவள் இன்னும் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அவளோ, இந்த மனுஷனுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று நினைத்திருக்கிறாள்.

எங்கள் விஷயத்தில் குறை என்னிடம். விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடியாவது இருக்க வேண்டும், எனக்கு முப்பது லட்சம். அதனால்தான் இக்சி, ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துகிற முறை. குழந்தையில்லாத தம்பதிகளில் பாதிக்கு அருகில் ஆணின் பங்கும் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் என் வீட்டில் எல்லோரும் அவளிடம்தான் குறை என்று நினைத்தார்கள், நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம். அரச மரத்தைச் சுற்றியது அவள், விரதம் இருந்தது அவள், ஊசி போட்டுக்கொண்டதும் அவள்.

இரண்டாவது தடவையும் தோற்ற அன்று இரவு, அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்று சொன்னேன். "குறை அவகிட்ட இல்லம்மா, என்கிட்ட." அம்மா குழாயை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவள் படுத்திருந்த அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். எந்த மாத்திரையும் செய்யாததை அது செய்தது.

அதன்பிறகு நாங்கள் செய்தது இரண்டே காரியம். ஒன்று, கடனை எல்லாம் ஒரு தாளில் எழுதினோம். நகைக்கடனும் கைமாற்றும் சேர்த்து 4,60,000. மாதம் எவ்வளவு, எந்த மாதம் முடியும் என்று போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். இரண்டாவது, காலை ஐந்தரைக்கு நடை. நடக்கும்போது சிகிச்சையைப் பற்றிப் பேசக் கூடாது. முதல் வாரம் பேசுவதற்கு வேறு விஷயமே இல்லாமல் வாய்மூடி நடந்தோம். நாலு வருடமாகத் தேதி பார்த்துத்தான் பக்கத்தில் படுத்திருக்கிறோம், அது கணவன் மனைவியை எவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பி வர அவசரப்படவில்லை. எட்டு மாதம் ஆனது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள் தங்கச்சி.

திண்ணை (கும்பகோணம்)

கண்ணு ஆவாரம்பூ, எனக்கு 63 வயது. குழந்தை இல்லை. 1993-லும் 1995-லும் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது எங்கள் பக்கத்திலிருந்து எழும்பூருக்கு ராத்திரி முழுக்க மீட்டர் கேஜ் ரயிலில் போக வேண்டும். 'டெஸ்ட் டியூப்' என்று சொன்னாலே ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் சித்தப்பா வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லிவிட்டுப் போவோம்.

இரண்டாவது தடவையும் இல்லை என்றான பிறகு என் அம்மா வந்து என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். திண்ணையோரத்து அறையில் பாய் விரித்து, "நாப்பது நாள் எழுந்திரிக்கக் கூடாது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளிலிருந்து பத்தியச் சாப்பாடு. மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, சுண்டைக்காய் வற்றல், மத்தியானம் சூடாகப் பருப்புச் சாதத்தில் நெய். ஒன்றுவிட்டு ஒருநாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர். என் அக்காவுக்குப் பிரசவம் ஆனபோது கிளறிய அதே லேகியம். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "எதுக்குடி இதெல்லாம், என்ன பெத்துட்டா இவ?" என்று கேட்டார். அம்மா உரலில் மிளகு இடித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "புள்ள கையில இருந்தாத்தான் பிரசவமா? உடம்பு பட்ட பாடு ஒண்ணுதானே."

முப்பது வருடமாகிறது. அந்த ஒரு பேச்சில்தான் நான் பிழைத்தேன். கருக்கலைந்தாலும் நம் ஊரில் ஒரு வாரமாவது படுக்கவிடுவார்கள். இதற்கு ஒன்றுமே கிடையாது. எழவு வீட்டுக்கு வருவதுபோல யாரும் வந்து உட்கார மாட்டார்கள், துக்கம் கேட்க மாட்டார்கள், சாப்பாடு கொண்டுவர மாட்டார்கள். நீ மறுநாளே ஆபீஸ் போனாய் என்று வாசித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. நீ பிரசவித்த உடம்புக்காரி என்று வைத்துக்கொள். அம்மா இருந்தால் அழைத்து வைத்துக்கொள். இல்லாவிட்டால் நீயே உனக்கு ரசம் வைத்துக் குடி. நாற்பது நாள் எந்த முடிவும் எடுக்காதே. கரு, அடுத்த சைக்கிள், தத்து, எதையும். யார் கேட்டாலும் "பத்தியத்தில் இருக்கிறேன்" என்று சொல்லு.

வளைகாப்புக்குப் போகாதே. நான் போனேன், ஒரு தடவை. பெண்கள் வரிசையாக நலுங்கு வைக்கும்போது என் முறை வந்ததும் சந்தனக் கிண்ணத்தை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்தார்கள். அந்தக் கிண்ணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு நல்ல சேலையும் வளையலும் வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பு. உடம்பு சரியில்லை என்று சொன்னால் அது பொய்யில்லை. பிறகு குழந்தை பிறந்ததும், உனக்கு மனசு வந்தால் நீயாகப் போய்ப் பார்.

பிள்ளை வரத்துக்கென்று திருக்கருகாவூர் கோயிலில் தருகிற நெய்யை எத்தனை பேர் வாங்கிவந்து கொடுத்தார்கள் என்று கணக்கே இல்லை. ஒரு கட்டத்தில் அந்தக் கோயில் பக்கமே போகாமல் இருந்தேன். இப்போது போகிறேன். ஒன்றும் கேட்பதில்லை, அம்பாளைப் பார்த்துவிட்டுப் பிரகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

இரவுப்பணி

திண்ணை அம்மா, பதினொரு வருடத்தில் இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லையே என்று இருக்கிறது. ஹார்மோன் கணக்கில் பார்த்தாலும் உங்கள் அம்மா சொன்னது சரி. பிரசவம் ஆனதும் புரொஜெஸ்ட்ரோனும் ஈஸ்ட்ரோஜனும் சட்டென்று இறங்குகிற மாதிரியே மருந்தை நிறுத்தியதும் இங்கேயும் இறங்குகிறது. காரணமில்லாத அழுகை, கோபம், தூக்கமின்மை, எல்லாவற்றிலும் அதற்கும் ஒரு பங்கு உண்டு. நாற்பது நாளும் படுத்தே இருக்க வேண்டாம், நடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லேகியம் மட்டும், சர்க்கரை இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்லி வைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தாலோ, "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலோ காத்திருக்காதீர்கள். 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பனிப்பூ (லண்டன்)

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் இருக்கிறேன். இங்கு கிளினிக்குகள் கவுன்சலிங் வசதியைத் தர வேண்டும் என்று 1990-இல் வந்த சட்டமே சொல்கிறது. எனக்கும் கேட்டார்கள், நான் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கட ஆட்களுக்கு வெளியாளோடு இதைக் கதைப்பது பெரிய பாடு. மூன்றாவது முறை போனேன். அந்த மனுஷி ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் குழந்தையை நீங்கள் எப்படி நினைத்து வைத்திருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டா. எனக்கு ஒரு பெயர் இருந்தது, ஒருவருக்கும் சொல்லாத பெயர். அதை வாய்விட்டுச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவருக்கும் சொன்னேன். அவரும் ஒரு பெயர் வைத்திருந்தாராம்.

தொட்டில் (திருச்சி)

தத்து என்ற சொல் வந்ததால் கொஞ்சம். நாங்கள் தத்தெடுத்த பெற்றோர், மகனுக்கு இப்போது நாலு வயது. ஐவிஎஃப் தோற்ற அடுத்த வாரமே எங்கள் வீட்டில் "ஒரு குழந்தையை எடுத்து வளர்த்திடுங்க" என்றார்கள். அந்த நேரத்தில் அது ஆறுதல் இல்லை. இழந்ததை அழுது முடிப்பதற்கு முன் வருகிற குழந்தை, அந்த இழப்பை நிரப்ப வந்த ஆளாகிவிடும். அது குழந்தைக்கு நியாயமில்லை. நாங்கள் ஒரு வருடம் கழித்துத்தான் விண்ணப்பித்தோம்.

விவரம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளம் வழியாகத்தான் பதிவு. கல்யாணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-க்குள் இருக்க வேண்டும், நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு 90. சின்னக் குழந்தைக்குக் காத்திருப்பு வருடக்கணக்கில் ஆகும். மருத்துவமனையிலோ தெரிந்தவர் மூலமோ நேரடியாகக் குழந்தை தருகிறேன் என்று யார் வந்தாலும் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.

ஆவாரம்பூ *(47 நாள் கழித்து)*

எல்லோருக்கும் ஒரே பதிவில் எழுதுகிறேன். ஒவ்வொருவரின் வார்த்தையையும் இத்தனை நாளில் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது.

திண்ணை அம்மா, எங்கள் அம்மா இல்லை, போய் ஆறு வருடமாகிறது. உங்கள் பதிவை அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சந்தனக் கிண்ணம் வந்த இடத்தில் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் எழுந்து வந்தால் அடுப்பில் மிளகு ரசம். "ஆபீசுக்கு லீவு சொல்லிடு" என்றார்கள். பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லையாம், என்ன பேசினாலும் எனக்கு வலிக்குமோ என்று பயமாம். பத்து நாள் லீவு கிடைத்தது. மிச்ச நாள் ஆபீஸ் போய்க்கொண்டே பத்தியம்.

வளைகாப்புக்குப் போகவில்லை. நாத்தனாரே போன் செய்து, "அண்ணி, நீங்க வரலைன்னா நான் வருத்தப்பட மாட்டேன்" என்றாள். அதற்கு அப்புறம் அவள் மேல் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது.

நூல்காரன் அண்ணா, அவர் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எட்டு மணிக்கு வந்துவிடுகிறார். ஒருநாள் இரவு, இரண்டாவது தடவை பீட்டா 84 வந்தபோது கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரத்தொட்டில் விலை கேட்டு வந்ததாகச் சொன்னார். அன்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக.

உடம்பு: ஹீமோகுளோபின் 9.8 இருந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிலக்கு 38-ஆம் நாள் வந்தது, சாதாரணமாக. வலது பக்கக் கட்டி கரைந்துவிட்டது, இடது பக்கம் சுண்டைக்காய் அளவு இன்னும் இருக்கிறது. மூன்று கிலோ இறங்கியது. மூன்று மணி விழிப்பு வாரத்தில் இரண்டு நாள்தான். 14416-க்கு ஒரு தடவை பேசினேன், பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். கட்டணம் கட்டிவிட்டேன். கருவைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை, பேசவும் இல்லை.

ஃபிரிட்ஜில் இருந்த மூன்று ஊசியையும் போன வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டுபோய் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். வைக்க இடம் தேடினால் அந்தத் தட்டுதான் காலியாக இருந்தது.

மழைத்துளி (நாமக்கல்)

அக்கா, இன்று பதினோரு மணிக்கு எனக்கு ரிசல்ட் வந்தது. 0.8. முதல் தடவை. இந்த இழை முழுவதையும் இப்போதுதான் வாசித்தேன். அவர் வெளியூரில் இருக்கிறார், நாளைதான் வருவார். என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆவாரம்பூ

சாப்பிட்டாயா மழைத்துளி? சாப்பிடவில்லை என்றால் கொஞ்சம் சாதத்தில் ரசம் ஊற்றிக் கரைத்தாவது குடி. எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று மருத்துவமனைக்கு போன் செய்து பெயர் பெயராகக் கேட்டு எழுதி வை. நாளைக்கு வேலைக்குப் போகாதே. பக்கத்தில் யாராவது வந்து படுத்துக்கொள்ள முடியுமா பார், இல்லையென்றால் இங்கேயே எழுது. நானும் அத்தையும் பதினோரு மணி வரை விழித்திருப்போம்.